எழுத்தில் பழகியவர்களோடு நாபா போகலாமா?

பிப்ரவரி 6, கேள்வி

சமையல் பற்றி எழுதுகிற ஐந்து பேர் நாங்கள். ஒருத்தி எழுதிய குழம்பை இன்னொருத்தி வைத்துப் பார்த்து, "புளி இவ்வளவு தூக்கலா?" என்று சண்டை போட்டே நெருக்கமானவர்கள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. மே மாதம் கலிபோர்னியாவில் வைனுக்குப் பெயர்போன நாபாவில் வீடு எடுத்துத் தங்கி, சமைத்து, சாப்பிட்டு, சுற்றலாம் என்று பேச்சு. நான் வைன் தொடுவதில்லை. சைவம் வேறு. எழுத்தில் இனிக்கிறவர்கள் நேரில் புளித்துப்போவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். நாபாவே பந்தா காட்டுகிற ஊர் என்றும் சொல்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

போங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஊரைப் பற்றிச் சொன்னது பாதி சரி. ஆட்களைப் பற்றிச் சொன்னது சரியில்லை.

எங்கள் கும்பலும் இதே கதைதான். சியாட்டில் அக்கா, டல்லாஸ் அண்ணன், சான் டியேகோ தங்கச்சி, நியூ ஜெர்சி மாமி, நான். பல வருடமாக எழுத்திலேயே பழக்கம். அக்கா வெந்தயத்தை எந்த நிறம் வரும்வரை வறுப்பார் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து மிக்சி போடுவார் என்று தெரியாது. அண்ணன் தேங்காய் துருவுவதைப் பற்றி எழுதியதைப் படித்தால் எவ்வளவு நிதானமான மனிதர் என்று தோன்றும். காரில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வழியை மாற்றி, மறுபடி மாற்றி, மாமிக்குத் தலை சுற்ற வைத்துவிட்டார். எழுத்தில் ஒருவருடைய நாக்கு தெரிந்துவிடும். தூக்கமும் பர்ஸும் தெரியாது. சண்டை வந்தால் அந்த இரண்டில்தான் வரும்.

பிப்ரவரி 7

பர்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாபாவில் ஒரு டேஸ்டிங்குக்கு, அதாவது உட்காரவைத்து வைன் ருசி பார்க்கத் தருவதற்கு, ஆளுக்கு 50 டாலர் என்பது சாதாரணம். பெயர் பெற்ற இடங்களில் 100 தாண்டும். அதற்கு நாலைந்து வைன், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். பாட்டில் வாங்கினால் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிற இடங்களும் உண்டு. எத்தனை பாட்டில் வாங்கினால் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பு அங்கே நடக்காது. 1990-ல் நாபா கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு விதி போட்டது. அதன்படி, அதற்குப் பின் வந்த வைனரிகளுக்கு, அதாவது வைன் தயாரிக்கிற இடங்களுக்கு, முன்பதிவு செய்துதான் போகவேண்டும். பழைய இடங்கள் சிலவற்றில் நேரே நுழையலாம், ஆனால் அவற்றிலும் பல இப்போது பதிவு கேட்கின்றன.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓரிடத்தில் குடிக்காதவருக்கும் முழுக் கட்டணம் என்றுவிட்டார்கள். மாமி குடிப்பதில்லை. "உட்கார்ந்ததற்கே காசாடா?" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார், அண்ணன்தான் வைனரிக்குச் சொந்தக்காரர் மாதிரி. அடுத்த இடத்தில் அதே மாமிக்குத் திராட்சைச் சாறு ஊற்றிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார்கள். இடத்துக்கு இடம் மாறும். கேட்காமல் போகாதீர்கள்.

அப்புறம் அந்தப் பெரிய ஓட்டல். நாபா பள்ளத்தாக்கில் இருக்கிற யவுன்ட்வில்லில் தாமஸ் கெல்லர் என்ற சமையல் வல்லுநர் 1994-லிருந்து நடத்துகிற பிரெஞ்ச் லாண்டரி. அங்கே ஒருவேளை சாப்பிட்டே தீருவது என்று அண்ணன் வந்திருந்தார். தலைக்கு 350 டாலருக்கு மேல், வைன் தனி. எங்களில் இருவருக்கு அது கட்டுப்படியாகாது. வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். ஆளாளுக்குப் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அக்காதான் போட்டு உடைத்தார். "தம்பி, நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. வந்து ஒவ்வொரு தட்டாகச் சொல்லு. எங்களுக்கு அது போதும்." அவர் போகவில்லை. தனியாகச் சாப்பிட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஓட்டலுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் அவர்களுடைய காய்கறித் தோட்டம். யார் வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம், காசில்லை. அங்கே பாத்திகளுக்கு நடுவே நடந்தபோதுதான் நாங்கள் ஐந்து பேரும் ஒரே பேச்சில் இருந்தோம். அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணுக்கு நம்ம முளைக்கீரை போட்டால்..." என்று ஆரம்பித்தவர், காருக்குத் திரும்பும்வரை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 8

நேற்று விட்டுப்போனது. இதை முதலில் கவனியுங்கள். நாபாவில் வீடு எடுத்துத் தங்கலாம் என்கிறீர்கள். நாபா கவுன்டியில் நகர எல்லைகளுக்கு வெளியே எந்த வீட்டையும் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. தோட்டத்துக்கு நடுவே அழகான வீடு, சனி ஞாயிறு மட்டும் என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நாபா நகரத்துக்குள் உரிமம் வாங்கிய வீடுகள் கொஞ்சம் உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓட்டல் அறை எடுத்தால் அடுப்பு இருக்காது. சமையல்காரர்கள் ஐந்து பேர் அடுப்பில்லாமல் என்ன செய்வீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?

நாங்கள் நாபாவை ஒட்டி மேற்கே இருக்கிற சோனோமா கவுன்டிப் பக்கம், ரஷ்யன் ஆற்றங்கரையில் குவர்ன்வில்லுக்குப் பக்கத்தில் எடுத்தோம். அங்கேயும் அனுமதி பெற்ற வீடா என்று பார்க்கவேண்டும், ஆனால் கிடைக்கும். கொஞ்ச தூரத்தில் ஆம்ஸ்ட்ராங் ரெட்வுட் காடு. அங்கிருந்து நாபா ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு நாள் நாபாவுக்கு வைத்தோம், மற்றதெல்லாம் சோனோமா.

பிப்ரவரி 8, மாலை

"அப்படியென்றால் நாபா போனதாகச் சொல்லாதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, சொல்லவில்லை.

பிப்ரவரி 10

சோனோமாவைப் பற்றிக் கேட்டவருக்கு. நாபாவைவிடப் பரப்பில் பெரியது, பேச்சில் எளியது. 1857-ல் தொடங்கிய புவேனா விஸ்டா வைனரி அங்கேதான். நாபாவில் சார்லஸ் க்ரூக் வைனரி தொடங்கியது 1861. இந்த மூப்பு விஷயத்தை யார் முன்னாலும் எடுக்காதீர்கள், இரண்டு பக்கத்துக்காரர்களும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிற ஹீல்ட்ஸ்பர்க் என்ற ஊர். நடுவில் ஒரு சதுக்கம், மரநிழல், சுற்றிலும் நடக்கிற தூரத்தில் டேஸ்டிங் அறைகள், ரொட்டிக்கடை, புத்தகக்கடை. குடிக்கிறவர்கள் ஓரிடத்தில் உட்காரட்டும், குடிக்காதவர்கள் பெஞ்சில் உட்காரட்டும், பிறகு சேர்ந்துகொள்ளலாம். காரே வேண்டாம். சோனோமா ஊர்ச் சதுக்கமும் அப்படித்தான். 1823-ல் தொடங்கிய மிஷனின் தேவாலயம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. மாமி அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார், வெயிலுக்கு இதமாக இருந்ததாம்.

கார் என்றதும் ஒன்று. குடிக்காதவள் என்றால் அவள்தான் வண்டி ஓட்டவேண்டும் என்பது எழுதாத சட்டம். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க மற்றவர்களைச் சுமந்து இறக்கிவிட்டு, இரவு சமையலும் செய்தால் நீங்கள் விருந்தாளி இல்லை, ஓட்டுநர். நாபா நாளுக்கு மட்டும் வண்டியோடு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாகப் பிரித்தால் தாங்கும். "இரண்டு வாய்தானே, நான் ஓட்டுவேன்" என்று யாராவது வீரம் பேசினால் விடாதீர்கள். கலிபோர்னியாவில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் தொட்டாலே குற்றம். மிச்சம் வைத்த பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் டிக்கியில்தான் வைக்கவேண்டும், காலடியில் உருட்டிவிடக்கூடாது.

ருசி பார்த்த வைனைத் துப்புகிற பாத்திரம் ஒன்று மேஜையில் இருக்கும். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. தொழில்காரர்கள் எல்லோரும் துப்புவார்கள். அண்ணனுக்கு மட்டும் கடைசிவரை மனசு வரவில்லை. "காசு கொடுத்ததைத் துப்புவதா?"

பிப்ரவரி 11

சைவத்துக்கு நாபாவில் ஒரு குறையும் இல்லை, கேட்டால் செய்து தருவார்கள். வைனில்தான் ஒரு சங்கதி. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு பொருள் என்று சில இடங்களில் சேர்ப்பார்கள். தெளிந்ததும் அது அடியில் தங்கிவிடும், மேலே இருப்பதை வடித்துவிடுவார்கள். அதைப் பாட்டிலில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைக்கிறவர்களும் உண்டு, எதுவும் சேர்க்காமல் விடுகிறவர்களும் உண்டு. உங்களோடு வருகிற சைவக்காரர் யாராவது குடிப்பவராக இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். ஊற்றிக் கொடுக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பதில்லை, உற்சாகமாகிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 16

குடிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் மறுபடி கேட்டிருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாபா பள்ளத்தாக்கு சுமார் 30 மைல் நீளம். அகலம் ஐந்து மைலுக்கு மேல் போகாது. நடுவில் 29-ம் நெடுஞ்சாலை, கிழக்கு ஓரமாக சில்வராடோ டிரெயில். நெடுஞ்சாலை நெரிசல், டிரெயில் அழகு. வடக்கே போகப்போகக் குளிரும் என்று நினைப்போம். அங்கே நேர்மாறு. தெற்கே சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து மூடுபனி ஏறிவருவதால் கார்னெரோஸ் பக்கம் சில்லென்று இருக்கும். வடக்கு முனையில் கலிஸ்டோகா வெயிலில் காயும். காலையில் தெற்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பி, மதியம் வடக்கே தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தோம். திராட்சையும் அதற்கேற்ப மாறும்: குளிர்ப்பக்கத்தில் பினோ நுவாரும் ஷார்டனேயும், நடுவிலும் வடக்கிலும் சிவப்பு வைனுக்கான கபர்னே. குடிக்காவிட்டாலும் இதை உடம்பால் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு காசு புழங்குகிற இடத்தில் தோட்டங்களுக்கு நடுவே மால் எதுவும் ஏன் இல்லை என்று மாமி கேட்டார். நல்ல கேள்வி. 1968-ல் அந்தக் கவுன்டி பள்ளத்தாக்கு நிலத்தை விவசாயத்துக்கு என்று ஒதுக்கிவைத்தது, மனையாகக் கூறுபோடாமல் இருக்க. அமெரிக்காவில் அந்த மாதிரி ஏற்பாட்டில் முதலாவது. இல்லாவிட்டால் இன்றைக்கு சான் ஹோசே மாதிரி ஆகியிருக்கும். அங்கேயும் ஒருகாலத்தில் பழத்தோட்டம்தானே.

மே மாதம் போகிறீர்கள். கொடி பூக்கிற பருவம். பூ என்றால் பூ மாதிரி இருக்காது, பச்சையாக மிளகுக்கொத்து மாதிரி இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழம் பார்க்க ஆசைப்பட்டால் ஆகஸ்டுக்குப் பிறகு.

இன்னொன்று, பீப்பாய் அறை. கேட்டால் கூட்டிப்போவார்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர், கிட்டத்தட்ட 300 பாட்டில். உள்ளே நுழைந்ததும் ஈர மரம், வெனிலா, ஊறின பழம் எல்லாம் கலந்து ஒரு வாசனை. மாமி மூக்கை உறிஞ்சிவிட்டு, "மாவடு ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கு" என்றார். கூட்டிவந்த பெண் அது என்ன என்று கேட்க, மாமி ஆங்கிலத்தில் மாவடு போடுவதை முழுசாக விளக்கினார். உப்பு, விளக்கெண்ணெய், குலுக்குவது, நாள் கணக்கு, எல்லாம். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு அதிகம் பேசியது குடிக்காத மாமிதான்.

பிப்ரவரி 17

1976 பாரிஸ் போட்டியைப் பற்றி எழுதாமல் விட்டது ஏன் என்று ஒருவர். எல்லோரும் எழுதுவதுதானே என்று விட்டேன். சுருக்கமாக: மே 24, 1976. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னியா வைன்களையும் மோதவிட்டு பாரிஸில் ஏற்பாடு செய்தது. பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர். லேபிளை மறைத்து ஊற்றினார்கள். வெள்ளையில் ஷாட்டோ மான்டெலெனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸ் 1973 முதலிடம். இரண்டும் நாபா. நாபாவின் வாழ்வே அன்றைக்கு மாறியது. கலிபோர்னியா வைனைக் குடித்துவிட்டு, ஆகா இதுதான் பிரான்ஸ் என்கிற தொனியில் ஒரு நடுவர் பேசியதை, அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளரான ஜார்ஜ் டேபர் எழுதிவைத்தார்.

இதைக் கேட்டுவிட்டு வந்த இரவு நாங்கள் ஒரு வேலை செய்தோம். அதை எழுதாமல் இருக்க முடியாது.

ரசம். ஐந்து பேரும் அவரவர் ரசம் வைப்பது. ஐந்து டம்ளர், அடியில் ஒட்டுத்தாளில் எண். யாருடையது எது என்று எண் ஒட்டிய தங்கச்சிக்கு மட்டும் தெரியும், அவள் மார்க் போடவில்லை. அண்ணனும் அக்காவும் பல வருடமாக எழுத்தில் ரசச் சண்டைக்காரர்கள். பருப்புத் தண்ணீர் ஊற்றினால் அது ரசமே இல்லை, சாம்பாருக்குத் தம்பி என்பது அண்ணன் கட்சி. பருப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் கஷாயம் என்பது அக்கா கட்சி. இருவரும் கண்ணை மூடி, வாயில் வைத்துச் சுழற்றி, பகலில் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் காட்டினார்கள். அண்ணன் நாலாம் எண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதில் புளி பச்சை வாசனை அடிக்கிறது, வைத்தவருக்குப் பொறுமை இல்லை" என்று கடைசி மார்க் போட்டார். தங்கச்சி டம்ளரைத் திருப்பினாள். அவருடையதேதான்.

முதல் மார்க் அவர் யாருக்குப் போட்டிருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. அக்கா சிரித்ததில் மூக்கில் ரசம் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அந்தச் சண்டை எழுத்தில் நின்றுபோகும் என்று நினைத்தோம். இல்லை, இப்போது டம்ளரைத் திருப்பும்போது தங்கச்சி மாற்றிவிட்டாள் என்று புது வழக்கு நடக்கிறது.

பிப்ரவரி 22

"கபர்னேயோடு மட்டன் பிரியாணி சூப்பர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் நாக்கு அவருக்கு. ஆனால் காரம் போட்ட எதற்கும் துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் ஒத்துவராது என்பது என் கட்சி. மிளகாய் அந்தத் துவர்ப்பைக் கசப்பாக்கும். ஆல்கஹால் கூடக்கூட மிளகாய் எரிச்சலும் கூடும். சோனோமாவின் டிரை கிரீக் பள்ளத்தாக்கில் வருகிற ஜின்ஃபண்டெல் என்ற சிவப்பு வைன்களில் பல 15 சதவீத ஆல்கஹாலைத் தொடும். அதை வற்றல் குழம்போடு வைத்தால் காது வழியாகப் புகை வரும். அண்ணனுக்கு வந்தது.

எங்களுக்குச் சரியாக வந்தவை: எலுமிச்சை சாதத்தோடு சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைன். லேசாக இனிப்பு நிற்கிற ரீஸ்லிங்கோடு தேங்காய் அரைத்த கூட்டு. வடை, பஜ்ஜி மாதிரி எண்ணெயில் பொரித்த எதற்கும் நுரைக்கிற வைன். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சௌ என்-லாயோடு உயர்த்திய கிண்ணத்தில் இருந்தது கலிஸ்டோகாவின் ஷ்ராம்ஸ்பெர்க். அதே வைனரியின் பாட்டிலை நாங்கள் மெதுவடைக்கு உடைத்தோம். நிக்சனைவிட எங்களுக்குத்தான் நல்ல வடை கிடைத்திருக்கும்.

மிளகாய் வற்றல் கொண்டுவர எல்லோரும் மறந்துவிட்டோம். ஆளுக்கு ஒரு பெருங்காய டப்பா வந்திருந்தது, மிளகாய் ஒருத்தரிடமும் இல்லை. ஹீல்ட்ஸ்பர்க்கில் ஒரு மெக்சிகன் மளிகைக் கடையில் அர்போல் மிளகாய் வாங்கினோம், நம்ம குண்டூரை நினைவுபடுத்துகிற காரம். அந்தப் பக்கம் தோட்ட வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். நல்ல சாப்பாடு டாக்கோ வண்டிகளில்தான், அதுவும் கைக்கடங்கிய விலையில். பீன்ஸ், சீஸ், காய் வைத்துச் சைவமாகக் கட்டித் தருவார்கள். பன்றிக் கொழுப்பில் வேகவைத்த பீன்ஸா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

நுரைக்கிற வைனை மெதுவடையோடு குடித்தது அபசாரம் என்று எழுதியவருக்கு: மாமியும் இதையேதான் சொன்னார், இன்னொரு வடையை எடுத்துக்கொண்டே.

மார்ச் 3

ஆட்களைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரியில்லை என்று முதல் நாள் எழுதினேன். கொஞ்சம் யோசித்தால், கால்வாசி சரி என்று ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

தங்கச்சி விஷயம். எழுத்தில் எங்கள் எல்லோரையும்விட அவள்தான் வாயாடி. கத்தரிக்காய்க்கு ஒரு பக்கம், அதை நறுக்கிய கத்திக்கு ஒரு பக்கம். நேரில் வந்தாள், பேசவேயில்லை. கேட்டதற்குப் பதில், சிரிப்பு, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் சத்தக்காரர்கள். அவள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டாள். மாமிக்குச் சங்கடம், ரகசியமாக என்னிடம், "நாம ஏதாவது சொல்லிட்டோமாடி?" என்றார். அக்கா நேரடியாகக் கேட்டார். "இல்லக்கா, நல்லா இருக்கு" என்றாள். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. கோபம் இருக்கிறது, மறைக்கிறாள் என்றே நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு செலவு பண்ணி வந்துவிட்டு இதென்ன மௌனம் என்று.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீளமான கடிதம். அக்கா மண்ணை விரலில் தேய்த்தது, அண்ணன் டம்ளரை வைக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டது, மாமி தேவாலயத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்தார், நான் வெங்காயம் நறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வது, எல்லாம் அதில் இருந்தது. நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சு எழுத்தில்தான் வரும்.

ஆனால் எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே பழைய நெருக்கம் இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவர் எழுதுவதைப் படிக்கும்போது இப்போது அவருடைய குரல் கேட்கிறது, ஓட்டல் பில்லைப் பிரிக்கும்போது சென்ட் வரை கணக்குப் பார்த்த குரல். முன்னால் நானே ஒரு குரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அது இதைவிட நன்றாக இருந்தது. அவருக்கும் என்னைப் பற்றி இப்படி ஏதாவது இருக்கும். கேட்கவில்லை.

உங்கள் ஐந்து பேரில் எழுத்தில் ரொம்பப் பேசுகிற ஒருத்தி நேரில் அமைதியாக இருந்தால், சும்மா விட்டுவிடுங்கள். எங்களை மாதிரி ஆளாளுக்குப் போய் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று பிடுங்காதீர்கள்.

மார்ச் 4

வாங்கிவருவதற்கு எந்த பாட்டில் என்று கேட்டவருக்கு. லேபிளில் "நாபா வேலி" என்று போட்டிருந்தால் அதில் 85 சதவீதமாவது அந்தப் பள்ளத்தாக்கின் திராட்சையாக இருக்கவேண்டும். "கலிபோர்னியா" என்று மட்டும் இருந்தால் மாநிலத்தில் எங்கிருந்தும் வந்திருக்கலாம், அது உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும், சுமக்காதீர்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது, பெட்டியில் போடவேண்டும். அக்கா வாங்கிய பாட்டில்களை மாமி தன் பெட்டியில் பருத்திப் புடவையில் சுற்றி வைத்துக்கொடுத்தார். ஒன்றும் உடையவில்லை. அப்புறம் அந்தப் பெட்டி நியூ ஜெர்சி போனது, பாட்டிலும் போனது.

மார்ச் 19

செப்டம்பர், அக்டோபர் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டிருப்பவருக்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுவடைக் காலம், இரவில் விளக்கு வைத்துக்கொண்டு பறிப்பார்கள், ஊரே புளித்த பழவாசனையில் இருக்கும். ஆனால் விலை ஏறும், கூட்டம் சேரும், காட்டுத்தீப் பருவமும் அதுதான். 2017 அக்டோபரில் எரிந்தது. 2020 செப்டம்பர் கடைசியில் கிளாஸ் தீ, வைனரிகள் பல சாம்பலாயின. எரியாத தோட்டமும் தப்பவில்லை. புகையில் இருப்பது திராட்சைக்குள் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, நொதிக்கும்போதும் பிறகும்தான் வெளியே வரும், சாம்பல் ருசியாக. அதனால் 2020 சிவப்பையே பலர் போடவில்லை. அந்த மாதங்களில் போனால், ரத்து செய்தால் காசு திரும்பி வருகிற அறையாகப் பாருங்கள்.

ஏப்ரல் 12

பதிவு செய்துவிட்டீர்கள், ஹீல்ட்ஸ்பர்க் பக்கம் வீடு, அடுப்பு ஆறு பர்னர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு பர்னர் ஐந்து பேருக்கு. என்ன நடக்கும் என்று தெரிகிறது. வருகிறதற்கு முன்பே யார் எந்த வேளைக்குச் சமைப்பது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வாசனைத் திரவியம், மல்லிகைப்பூ இரண்டையும் டேஸ்டிங் அன்றைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், பக்கத்து மேஜைக்காரருக்கு வைன் வாசனை தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போடாதீர்கள். முதல் இடம் காலை பத்தரை, இரண்டாவது மூன்று மணி, நடுவில் சாப்பாடு.

கலிஸ்டோகா சேற்றுக்குளியல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எரிமலைச் சாம்பலும் வெந்நீர் ஊற்றும் கலந்த சூடான சேறு. கழுத்துவரை புதைத்துவிடுவார்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆளுக்குத் தனித் தொட்டி. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவேண்டாம், கர்ப்பிணிகள் வேண்டவே வேண்டாம். நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் கிடந்தோம். அக்காவுக்கு மூக்கு அரித்தது. கை சேற்றுக்குள்ளே. கூப்பிட்டால் பணிப்பெண் வந்து குளிர்ந்த துணியால் துடைத்துவிடுவாள், அதற்குத்தான் நிற்கிறாள். அக்காவுக்கு ஆங்கிலத்தில் அரிப்பைச் சொல்லக் கூச்சம், நான் சொன்னேன். டிப்ஸுக்கு பத்து டாலராவது சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பர்ஸ் எடுத்துப்போக முடியாது, லாக்கரிலிருந்து வந்து கொடுக்கவேண்டும்.